ஆள் இல்லாத படங்கள்

வேங்கிக்கால், திருவண்ணாமலை
9.7.2023

அன்புள்ள தம்பி இருசப்பனுக்கு அண்ணி கஸ்தூரி எழுதறது. காதைத் தவிர மத்தபடி நான் சுகம். உன் முட்டி வலி எப்படி இருக்கு? காசியில வெயில் நம்ம ஊரை விட ஜாஸ்தியாமே, சத்திரத்து அடுப்பு கிட்ட நிக்கறவன் நிறைய தண்ணி குடி.

போன் பண்ணாம எதுக்கு லெட்டர்னு நினைப்ப. வலது காது முன்னயே போயிடுச்சு, உனக்குத் தெரியும். உங்க அண்ணன் காரியம் முடிஞ்ச கொஞ்ச நாள்ல இடதும் போயிடுச்சு. மெஷின் வெச்சா வெறும் இரைச்சல். உன் கிட்ட இருக்கறது பட்டன் போன், அதுல எழுதி அனுப்பவும் உனக்கு வராது. செங்கம் ரோட்டு கெஸ்ட் ஹவுஸ்லதான் இன்னும் ரூம் பெருக்கறேன். ஆசிரமத்துக்கு வந்து தங்கறவங்கள்ல பாதிப் பேர் மௌன விரதம். எனக்குக் காது கேக்காதது அங்க யாருக்கும் ஒரு குறையா தெரியல.

விஷயத்துக்கு வர்றேன். உங்க அண்ணன் போன் உடைஞ்சு கிடந்துச்சு. அதுல இருந்த சிப்பை எடுத்துட்டுப் போய் தேரடித் தெரு ஸ்டுடியோவுல குடுத்து எல்லாத்தையும் பிரிண்ட் போட்டேன். ஒரு பை நிறைய வந்துச்சு. டூர் பஸ் ஓட்டினாரு, இந்தியா முழுக்க சுத்தினாரு. திரும்பி வந்தா குளிப்பாரு, சாப்பிடுவாரு, தூங்குவாரு. எங்க போனீங்கன்னா "கோயிலுக்கு"ன்னு ஒரு வார்த்தை. ஒரு படம் காட்டினது இல்ல.

அதே பஸ்ஸுல சமையலுக்குக் கூடவே போனவன் நீ ஒருத்தன்தான். ரெண்டு படம் வெச்சிருக்கேன். ஒண்ணுல உங்க அண்ணன் ஒரு குரங்கைக் கும்பிட்டுட்டு நிக்கறாரு. இன்னொண்ணுல பேன்ட்டை மடிச்சுக்கிட்டு கடல்ல நிக்கறாரு, சிரிக்கறாரு. அவர் பல்லு தெரிய சிரிச்சு நான் பாத்து ரொம்ப வருஷம் ஆச்சு. என்ன நடந்துச்சுன்னு எழுது. படத்தைத் திருப்பி அனுப்பிடு.

உடம்பைப் பாத்துக்கோ.
அண்ணி கஸ்தூரி


காசி
2.8.2023

வணக்கத்துக்குரிய அண்ணி அவர்களுக்கு இருசப்பன். அம்மன் புண்ணியத்துல நல்லா இருக்கேன். முட்டி அப்படியேதான் இருக்கு. உங்க காது விஷயம் கேட்டு மனசு கஷ்டமா போச்சு. வேலூர்ல நல்ல டாக்டர் இருக்காங்களாம், ஒரு தடவை காட்டுங்க.

குரங்குப் படம் சித்ரகூடத்துல எடுத்தது. அண்ணன் பஸ்ஸை விட்டு இறங்கினதும் ஒரு குரங்கு கண்ணாடியைப் பிடுங்கிட்டு மரத்துல ஏறிடுச்சு. கண்ணாடி இல்லாம அவருக்கு ரோடே தெரியாதே. வாழைப்பழம் காட்டினோம், வரல. கடைசியில அண்ணன் கை கூப்பி, "டேய், பஸ்ஸு நிறைய ஜனம் என்னை நம்பி வந்திருக்குது. குடுத்துடுடா ராஜா"ன்னு தமிழ்லயே கெஞ்சினாரு. அது என்ன நினைச்சுதோ, கீழ போட்டுடுச்சு. வயசானவங்க எல்லாம் அனுமாரே வந்துட்டாருன்னு விழுந்து கும்பிட்டாங்க. அண்ணனும் கும்பிட்டாரு. படம் எடுத்தது நான்தான்.

கடல் படம் பூரியில. இத்தனை ஊர் சுத்தியும் அண்ணன் அது வரைக்கும் கடல்ல கால் வெச்சதே இல்லையாம், பயம். ஆரணியில இருந்து வந்த ஒரு அம்மா, "வாய்யா டிரைவரு, நான் பிடிச்சுக்கறேன்"னு கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. அலை வந்து முட்டியில அடிச்சதும் குழந்தை மாதிரி சிரிச்சாரு.

இன்னும் அனுப்புங்க அண்ணி. எனக்கும் அண்ணனைப் பாத்த மாதிரி இருக்கு.
கொழுந்தன் இருசப்பன்


வேங்கிக்கால்
20.8.2023

அன்புள்ள தம்பிக்கு, உன் லெட்டர் வந்துச்சு. சளி பிடிச்சு ரெண்டு நாள் படுத்திருந்தேன், இப்போ பரவாயில்ல. நீ ராத்திரியில சாப்பாட்டைத் தள்ளிப் போடாம சாப்பிடறியா?

குரங்குக் கதையைப் படிச்சுத் தனியா உக்காந்து சிரிச்சேன். பக்கத்து வீட்டு ரேவதி வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு. அப்புறம் ஒரு யோசனை வந்து சிரிப்பு நின்னுடுச்சு. இதை ஏன் என் கிட்ட சொல்லல அவரு? சொல்லியிருந்தா அன்னிக்கு ராத்திரி நாங்க ரெண்டு பேரும் சிரிச்சிருப்போமே.

உன் கிட்ட மட்டும் சொல்றேன். அவர் போனதுக்கு நான் இன்னும் அழல. பிணம் கிடக்கறப்போ நாலு பேர் கட்டிப் பிடிச்சு அழுதாங்க, நானும் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டேன், அழறேன்னு நினைச்சிருப்பாங்க. கண்ணுல தண்ணியே வரல. ஏன்னு உனக்குத் தெரியும்.

இந்தத் தடவை அஞ்சு படம் வெச்சிருக்கேன். ஒண்ணுல அவர் ஒரு கிழவியைத் தூக்கிக்கிட்டுப் படி ஏறறாரு. மத்த நாலுலயும் ஆளே இல்ல. ஒரு ஓட்டலோட பின்வாசல், பாத்திரம் கழுவற இடம். ஒரு ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சு. ஒரு சந்து. ஒரு டீக்கடை, அதுவும் தூரத்துல இருந்து. கோயில் குளம் இல்லாத இடத்தை எதுக்குப் படம் எடுத்தாரு? இந்த மாதிரி ஆள் இல்லாத படம்தான் பையில ஜாஸ்தி. கோயில் படம் கம்மி.

பதில் போடு.
அண்ணி


காசி
15.9.2023

அண்ணி அவர்களுக்கு, இங்க மழை. கங்கை படி மேல ஏறிடுச்சு. சளி முழுசா விட்டுதா? மிளகு ரசம் வெச்சுக் குடிங்க.

கிழவியைத் தூக்கிட்டுப் போற படம் கயாவுல. அந்தம்மா செய்யாறு. மகனுக்குப் பிண்டம் வைக்க வந்தவங்க, படி ஏற முடியல. அண்ணன் தூக்கிட்டுப் போய் உக்கார வெச்சு, காரியம் முடியற வரைக்கும் பக்கத்துலயே இருந்தாரு. திரும்பி வர்றப்போ பஸ்ஸுல நான் டீ கொண்டு போனேன், வேணாம்னுட்டாரு.

நவராத்திரிக்கு இங்க கூட்டம் வரும். நம்ம ஊர்ல இருந்தும் ரெண்டு பஸ் வருதாம். வேலை சரியா இருக்கும்.

படங்கள் அஞ்சையும் திருப்பி வெச்சிருக்கேன்.
இருசப்பன்


வேங்கிக்கால்
1.10.2023

தம்பிக்கு, நான் நல்லா இருக்கேன். நீயும் அப்படியே இருக்கணும்.

அஞ்சு படம் அனுப்பினேன், ஒண்ணுக்குத்தான் பதில் எழுதியிருக்க. மறந்துட்டியா, வேணும்னு விட்டுட்டியா தெரியல. அதனால நான் நேரா கேக்கறேன்.

நம்ம வீட்டுல இனியன் பேரைச் சொல்லி பதினோரு வருஷம் ஆச்சு. காலேஜ்ல அரியர் வெச்சதுக்கு பஸ் ஸ்டாண்டுல, பாசஞ்சர் எல்லாம் பாத்துட்டு இருக்கறப்போ உங்க அண்ணன் அவனை அறைஞ்சாரு. "இனிமே என் கண்ணுல முழிக்காத"ன்னாரு. பத்தொன்பது வயசுப் பையன், அன்னிக்குப் போனவன்தான். போலீஸ்ல எழுதிக் குடுக்கலாம்னு நான் அழுதேன். "போனவன் போகட்டும்"னு இவர் செவுத்துல இருந்த அவன் போட்டோவைக் கழட்டினாரு. அதுக்கப்புறம் ஒரு நாள், ஒரு தடவை, அவன் எங்க இருப்பான்னு அந்த மனுஷன் வாயில வரல. ஒரே வீட்டுல ரெண்டு பேரும் வாடகைக்கு இருக்கறவங்க மாதிரி இருந்தோம். அதான் எனக்கு அழுகை வரல தம்பி. கோவம்தான் இருக்கு.

நேத்து அந்தப் படத்தை எல்லாம் தரையில பரப்பி வெச்சுப் பாத்தேன். ஓட்டல் பின்வாசல், கேன்டீன், கட்டடம் கட்டற இடம், ஸ்டேஷன். வீட்டை விட்டு ஓடிப் போன ஒரு பையன் எங்கெல்லாம் இருப்பானோ அங்கெல்லாம் எடுத்த மாதிரி இருக்கு. நான் நினைக்கறது சரியா தப்பா? அதை மட்டும் சொல்லு.

அண்ணி


வேங்கிக்கால்
30.11.2023

அன்புள்ள தம்பிக்கு, உடம்புக்கு ஏதாவதா? ரெண்டு மாசமா உன் கிட்ட இருந்து ஒரு வரி இல்ல. எனக்கு ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்.

ஞாயித்துக்கிழமை தீபம். கெஸ்ட் ஹவுஸ் மொட்டை மாடியில எல்லாரும் நின்னாங்க, என்னையும் கூப்பிட்டாங்க. மலை மேல தீபம் ஏறினதும் கூட்டம் மொத்தமும் கையைத் தூக்கிக் கத்தினது வாய் அசையறதுல தெரிஞ்சுது. எனக்கு வெடிச் சத்தம் இல்ல, அரோகரா இல்ல, ஒண்ணும் இல்ல. வெளிச்சம் மட்டும். பக்கத்துல நின்ன ஒரு வெள்ளைக்காரம்மா என் தோளைத் தொட்டு என்னமோ சொன்னாங்க. நான் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து ஒரு அகல் ஏத்தி வெச்சுட்டுப் படுத்துட்டேன்.

இதோட ஒரு படம் வெச்சிருக்கேன். பையில கடைசியா இருந்தது. இதுலயும் ஆள் இல்லன்னுதான் முதல்ல நினைச்சேன். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருந்து, பஸ் கண்ணாடி வழியா எடுத்த ஒரு தள்ளுவண்டி. கெஸ்ட் ஹவுஸ்ல ஒருத்தர் கிட்ட பூதக்கண்ணாடி வாங்கிப் பாத்தேன். வண்டிக்குப் பின்னால ஒருத்தன் தோசை ஊத்தறான். முகம் சரியா தெரியல. இடது கையால ஊத்தறான்.

என் பையன் இடது கைக்காரன்.

இதுக்கு மேல நீ பேசாம இருந்தா நல்லா இருக்காது இருசப்பா.
கஸ்தூரி


காசி
14.12.2023

அண்ணி அவர்களுக்கு நமஸ்காரம். எனக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்ல. நீங்க சாப்பிட்டுத் தூங்கினீங்களான்னுதான் இந்த ரெண்டு நாளா யோசனை.

நீங்க நினைக்கறது சரி. அவன் இனியன்தான். நாசிக் ரோடு ஸ்டேஷன் பக்கம் வண்டி போட்டிருக்கான். உயிரோட, நல்லா இருக்கான்.

அவன் வீட்டை விட்டுப் போன அதே வருஷம் அண்ணன் தேட ஆரம்பிச்சுட்டாரு. எந்த ஊர்ல பஸ் நின்னாலும் பாசஞ்சருங்க கோயிலுக்குப் போனதும் இவர் இறங்கிடுவாரு. தமிழ்ப் பசங்க வேலை செய்யற ஓட்டல், கேன்டீன், எல்லாத்துலயும் போய் விசாரிப்பாரு. அவன் அங்க இல்லன்னு தெரிஞ்சா அந்த இடத்தைப் படம் எடுத்துக்குவாரு, அடுத்த டூர்ல மறுபடி அதே இடத்துக்குப் போகாம இருக்க. வீட்டுல சொல்லுண்ணேன்னு எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். "இல்லன்னு எத்தனை தடவை அவ கிட்ட போய்ச் சொல்றது"ன்னு கேப்பாரு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி புனாவுல ஒருத்தன் துப்பு சொன்னான். நாசிக் போனோம். ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பாத்தோம். ஒரு சின்னப் பொண்ணு ஸ்டூல்ல உக்காந்திருந்துச்சு, அவன் பொண்ணு. போய்ப் பேசுண்ணேன்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். "கை நடுங்காம ஊத்தறான் பாரு. என்னைப் பாத்தா நடுங்கும். வேணாம்"னாரு. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவரை அங்கயே விட்டுட்டுப் போயிடலாம்னு இருந்துச்சு. அவர் முகத்தைப் பாத்துட்டு பஸ்ஸுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்.

அதுல இருந்து அந்தப் பக்கம் எந்த டூர் வந்தாலும் காலை டிபனுக்கு பஸ் அங்கதான் நிக்கும். எனக்கு அன்னிக்கு சமையல் கிடையாது. "தமிழ் ஆளு கடை, நல்லா இருக்கும், போய் சாப்பிடுங்க"ன்னு எல்லாரையும் இறக்கி விட்டுட்டு, அண்ணன் டிரைவர் சீட்டைச் சாய்ச்சுப் படுத்துக்குவாரு. யாராவது ஒரு பாசஞ்சரை விட்டு ஒரு பார்சல் வாங்கி வரச் சொல்லுவாரு. பஸ் கிளம்பி ஊர் எல்லை தாண்டினதும் ஓரம் கட்டிட்டு சாப்பிடுவாரு. உங்களை அடுத்த தடவை கூட்டிட்டு வரணும்னு ஒவ்வொரு தடவையும் சொன்னாரு. அதுக்குள்ள இந்த பிப்ரவரியில அவரே போயிட்டாரு.

அண்ணன் காரியம் முடிஞ்சு ஏப்ரல்ல நான் கடைசி டூர் போனப்போ நேரா போய் அவன் கிட்ட சொன்னேன். அடுப்பை அணைச்சுட்டு ஸ்டூல்ல உக்காந்துட்டான். "அம்மா கிட்ட நான் இருக்கற இடத்தைச் சொல்லாதீங்க சித்தப்பா, ஆடிக்குள்ள நானே வர்றேன்"னான். நம்பினேன். அண்ணன் வந்து வந்து போனதை அவன் கிட்ட நான் சொல்லல, சொன்னா தாங்க மாட்டான்னு. ஆடி போச்சு. அக்டோபர்ல உங்க லெட்டர் வந்ததும் அவனுக்கு எழுதிக் கேட்டேன். பதில் இல்ல. அவனே வந்து நிக்கட்டும்னு காத்துட்டிருந்தேன் அண்ணி, வேற ஒண்ணும் இல்ல.

இருசப்பன்


வேங்கிக்கால்
5.1.2024

தம்பிக்கு, நான் சுகம். அங்க குளிர் ஜாஸ்தியா இருக்கும், ஸ்வெட்டர் இல்லாம அடுப்படிக்கும் கங்கைக்கும் நடக்காத.

உன் மேல கோவம் இல்ல. உங்க அண்ணன் மேல இருந்த கோவம் எங்க போச்சுன்னு தேடிட்டு இருக்கேன். பதினோரு வருஷமா வளத்தது, திடீர்னு இல்லன்னா கை கால் ஓடல.

அவர் ஓட்டின கம்பெனியிலயே பிப்ரவரியில ஷீரடி, நாசிக் டூர் இருக்கு. பேர் குடுத்துட்டேன். காது கேக்காதவங்க துணை இல்லாம வரக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொன்னாங்க. டிரைவர் ராஜேந்திரன் சம்சாரம்னு எழுதிக் காட்டினேன். உள்ள போய் யாரையோ கேட்டுட்டு வந்து, சரின்னாங்க.

அவனுக்கு நீ ஒண்ணும் எழுத வேணாம்.
அண்ணி


வேங்கிக்கால்
25.2.2024

அன்புள்ள தம்பிக்கு, நல்லபடியா போயிட்டு வந்துட்டேன். கால் கொஞ்சம் வீங்கியிருக்கு. உன் உடம்பு எப்படின்னு எழுது.

பஸ் அதே இடத்துல நின்னுச்சு. இப்போ இருக்கற டிரைவரும் அங்கதான் நிறுத்தறாரு. எல்லாரோடயும் நானும் இறங்கி வரிசையில நின்னேன். பக்கத்துல போகப் போக அவன் கையைத்தான் பாத்தேன். என் முறை வந்தப்போ தட்டை நீட்டினான். நிமிந்து பாத்தான்.

கரண்டி கீழ விழுந்துச்சு. வண்டியைச் சுத்திக்கிட்டு வந்தான். உங்க அண்ணன் மாதிரியே முன்னந்தலை ஏறியிருக்கு. என் கையைப் பிடிச்சு ஸ்டூல்ல உக்கார வெச்சான், எதுத்தாப்புல கீழயே உக்காந்தான். பேச ஆரம்பிச்சான்.

எனக்குக் காது போனது அவனுக்குத் தெரியாது இருசப்பா. நான் சொல்லியிருக்கணும். சொல்ல வாயெடுத்தேன். ஆனா அவன் பேசறான். நிறுத்தாம பேசறான். கண்ணுல தண்ணி வருது, துடைச்சுக்கறான், எங்கயோ கையைக் காட்டறான், மறுபடி பேசறான். எத்தனை வருஷமா சேத்து வெச்சதோ. இப்போ போய், எனக்குக் கேக்கலப்பான்னு சொன்னா பாதியில அடைச்சுக்கும். அதனால அவன் வாயையே பாத்துட்டு இருந்தேன். "அப்பா" மட்டும் புரிஞ்சுது. அது நிறைய தடவை வந்துச்சு. நடுவுல என்னமோ கேட்டான். என்ன கேட்டான்னு தெரியாம, அவன் கன்னத்தைத் தடவினேன். அது பதில் ஆச்சான்னு தெரியல.

அவன் சம்சாரம் சுனிதா, மராட்டிப் பொண்ணு, தோசை ஊத்தி எல்லாரையும் சமாளிச்சுது. பேத்தி பேரு எழில். என் கிட்ட வரல, தூரத்துல இருந்தே பாத்துட்டு இருந்துச்சு. கிளம்பணும்னு கைடு வந்து கையைக் காட்டினாரு. இனியன் பஸ் வரைக்கும் வந்தான், உள்ள ஏறல.

டிரைவர் கிட்ட ஜாடை காட்டி, அவர் டீ குடிச்சுட்டு வர்ற வரைக்கும் அந்த சீட்டுல உக்காந்தேன். அங்க இருந்து பாத்தா வண்டி நல்லா தெரியுது. அவன் முகம் தெரியல, தோசைக்கல்லும் கையும்தான். இதைப் பாக்க அந்த மனுஷன் எத்தனை தடவை இங்க உக்காந்திருப்பாருன்னு நினைச்சேன். அப்போதான் அழுதேன். சத்தம் வந்துச்சா, எவ்வளவு வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. பாசஞ்சர் எல்லாரும் எழுந்து முன்னால வந்துட்டாங்க.

வீட்டுக்கு வந்தப்புறம் தூங்கித் தூங்கி எழறேன். அவன் என்ன சொன்னான்னு உன் கிட்ட சொன்னா எனக்கு எழுது.
அண்ணி


நாசிக் ரோடு
20.3.2024

அன்புள்ள அம்மாவுக்கு இனியன். நாங்க மூணு பேரும் சௌக்கியம். உன் கால் வீக்கம் குறைஞ்சுதான்னு எழுது. தமிழ் எழுதி ரொம்ப வருஷம் ஆச்சு, தப்பு இருக்கும்.

உனக்குக் காது கேக்காதுன்னு சித்தப்பா போன்ல சொன்னாரு. கடையை மூடிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அன்னிக்குச் சொன்னதை எல்லாம் மறுபடி சொல்ல எனக்குத் தெம்பு இல்லம்மா. முக்கியமானதை மட்டும் எழுதறேன்.

அப்பா வந்தது எனக்குத் தெரியும். முதல் தடவை ஒரு பெரியவர் வந்து பார்சல் கேட்டாரு. சட்னி வேணாம், பொடியை மோர் விட்டுக் குழைச்சுக் குடுன்னாரு. பொடிக்கு மோர் விட்டு சாப்பிடற ஆளு இந்த உலகத்துல எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்தான். ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாத்தேன். நம்ம ஊர் போர்டு போட்ட பஸ். டிரைவர் சீட்டுல யாரோ படுத்திருந்தாங்க, கால் மட்டும் தெரிஞ்சுது.

இறங்கி வரட்டும்னு இருந்தேன். வரல. அடுத்த தடவையும் வரல. போய்க் கதவைத் தட்டலாம்னு ஒரு தடவை பாதி ரோடு வரைக்கும் போனேன். லாரி ஒண்ணு வந்துச்சு, நின்னேன், அது போனதும் திரும்பி வந்துட்டேன். ஒவ்வொரு தடவையும் ஒரு தோசை கூட வெச்சுக் கட்டினேன். அதைத்தான் அன்னிக்கு உன்னைக் கேட்டேன், அவர் வீட்டுல வந்து எதாவது சொன்னாரான்னு.

போன வருஷம் மார்ச்சுல அந்த பஸ் வந்துச்சு. டிரைவர் கதவைத் திறந்துட்டு இறங்கி நேரா கடைக்கு வந்து டீ கேட்டாரு. வேற ஆளு. சித்தப்பா அடுத்த மாசம் வந்து சொன்னப்போ எனக்கு அது புது சேதி இல்ல.

ஊருக்கு வர்றேன்னு சொன்னேன், வரல. அந்த வீட்டுல அவர் இல்லாம எப்படி நுழையறதுன்னு தெரியல. இருக்கறப்போவும் தெரியல. மே மாசம் எழிலுக்கு லீவு. சுனிதா டிக்கெட் போடச் சொல்லுது. இன்னும் போடல, ஆனா போடுவேன்னு நினைக்கறேன். அது வரைக்கும் எழுதறேன், நீயும் எழுது.

இதை எழுதறப்போ எழில் பக்கத்துல வந்து உக்காந்து, யாருக்குன்னு கேட்டுது. ஆயாவுக்குன்னேன். தாத்தாவுக்கும் ஒண்ணு எழுதுன்னுது.

உன் மகன்
இனியன்